பக்கத்துத் தோட்டத்து வாழையும் நம் கணக்கில்தான்

[காட்சி: தாண்டிக்குடி மலைச்சாலை. காப்பிச் செடிகளுக்கு மேலே தொங்கும் வாழைத் தார்கள்.]

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் நிழலுக்கு நிழலாகவும் வருமானத்துக்கு வருமானமாகவும் நிற்கிறதே, இதுதான் விருப்பாச்சி மலைவாழை. இந்தப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு. பழனி பஞ்சாமிர்தம் தண்ணீர் விடாமலேயே கெட்டியாக வருவதற்கும், நாள்பட நிற்பதற்கும் இது பெரிய காரணம். வாழைக்கு 2008-லும், பஞ்சாமிர்தத்துக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் இருக்கிறது, கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. அப்படியும் இந்தத் தொழில் ஏன் நினைத்த அளவுக்கு வளரவில்லை?

[காட்சி: ஒரு வாழைக் கன்று, மிக அருகில்.]

இந்தக் கன்றைப் பாருங்கள். இலைகள் விரியாமல், குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கின்றன. ஓரம் மஞ்சள் தட்டியிருக்கிறது. இலைக்காம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். முடிக்கொத்து நோய். வைரஸ் என்பதால் மருந்து கிடையாது. 1970-களுக்குப் பிறகு இந்த மலைகளில் வாழைப் பரப்பு பெருமளவு சுருங்கியதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

நோய் பரவ இரண்டு வழி. ஒன்று, செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு அசுவினிப் பூச்சி. இன்னொன்று, நோயுள்ள தாய் மரத்திலிருந்து நாம் பிரித்து நடும் கன்று. பூச்சி கடித்துச் சில வாரம் கழித்துத்தான் அறிகுறியே வெளியே தெரியும். அதனால் பார்க்க நன்றாக இருக்கும் கன்றும் நோயைச் சுமந்து போகலாம்.

இந்த நோயை ஒருவர் தனியாகத் தடுக்க முடியாது, ஊரே சேர வேண்டும். அதற்கு முன்நின்று நடத்தும் தலைமை வேண்டும். அந்தத் தலைமை இங்கேதான் ஆரம்பிக்கிறது. விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தொடங்கியதும் எல்லோரும் முதலில் பேசுவது பேக்கிங், பிராண்ட், ஏற்றுமதி. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் முதல் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கன்று எங்கிருந்து வருகிறது? நோய் இல்லை என்று பரிசோதித்த, ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று போதுமான அளவு கிடைக்கும்வரை பரப்பைக் கூட்டாதீர்கள். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. நேரில் போய்க் கேளுங்கள்.

அப்புறம், கஷ்டமான வேலை. “அண்ணே, உங்க தோட்டத்துல ரெண்டு மரம் சீக்கு, எடுத்துடுங்க” என்று ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர் தன் தோட்டத்தில் ஏற்கெனவே எடுத்திருக்க வேண்டும். எடுக்காத தலைவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. எடுப்பதிலும் முறை உண்டு: முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும், பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அப்படியே வெட்டிச் சாய்த்தால் பூச்சி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

[காட்சி: கூட்டம், தரையில் விரித்த கணக்கு நோட்டு.]

சரி, மரத்தை எடுப்பவரின் நஷ்டம் யாருடையது? நிறைய முயற்சிகள் தடுக்கி விழும் இடம் இது. நாலு ஏக்கர்காரர் தாங்கிக்கொள்வார். அரை ஏக்கர் வைத்திருக்கும் அக்காவால் முடியாது. அதனால் அவர் சீக்கு மரத்தை மறைப்பார், அதில் தப்பு சொல்லவும் முடியாது. ஆனால் மறைத்த அந்த ஒரு மரம் சுற்றியுள்ள எல்லாத் தோட்டத்துக்கும் நோயைக் கொடுக்கும்.

உற்பத்தியாளர் நிறுவனச் சட்டம் இதற்குக் கை கொடுக்கிறது. தனி விவசாயிகள் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான், அந்த அக்காவுக்கும் அதே ஓட்டு. ஒவ்வொரு ஆண்டும் பொதுக் கையிருப்பு நிதி வைத்தே ஆக வேண்டும். லாபத்தைப் பிரிப்பதற்கு முன் கன்றுக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். மரம் எடுத்தவருக்கு மாற்றுக் கன்று இலவசம், அது காய்க்கும்வரை ஒரு சிறு உதவித்தொகை. இதைத் தீர்மானமாக எழுதி, எல்லோர் முன்னாலும் வாசித்து, நிறைவேற்றுங்கள்.

இப்படி ஒதுக்கினால் முதல் வருடம் உறுப்பினர் கைக்கு வரும் லாபப் பங்கு குறையும். அதை மண்டிக்குத் தார் ஏற்றும் நாளில் சொல்லாதீர்கள், நடவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.