சாவடி போட்டவர்கள்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களே, தள்ளாத வயதிலும் மலையிறங்கி வந்திருக்கும் மூப்பர் ஐயா அவர்களே, இப்போதே கைக்கடிகாரத்தைக் காட்டும் செயலாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர், உணவு, அதிகாரம் என்று மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பழமொழி: தன் கையே தனக்கு உதவி.

2020 மே மாதம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா. செயென் ரிவர் சூ பழங்குடி மக்களின் நிலம். சுமார் 12,000 பேருக்கு எட்டுப் படுக்கை மருத்துவமனை ஒன்று. தீவிர சிகிச்சை வேண்டுமா? ராப்பிட் சிட்டிக்கு மூன்று மணி நேரம் வண்டியில் போக வேண்டும். கொரோனா பரவுகிறது, மாநில அரசோ ஊரடங்கே போடவில்லை. என்ன செய்தார்கள்? தங்கள் நிலத்துக்குள் வரும் நெடுஞ்சாலைகளில் தாங்களே சோதனைச் சாவடி போட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், உடம்புக்கு ஏதாவது? அவ்வளவுதான் கேள்வி. மாநில ஆளுநர் கிறிஸ்டி நோமுக்கு அதுவே பொறுக்கவில்லை. 48 மணி நேரத்தில் அகற்று, இல்லையேல் வழக்கு என்று கடிதம் பறந்தது. கெடு முடிந்தது. எடுத்தார்களா? (கூட்டத்தில் ‘இல்லை’ என்ற குரல்கள்) எடுக்கவில்லை ஐயா! பழங்குடித் தலைவர் ஹரால்ட் ஃபிரேசியர் அசையவே இல்லை. தன் கையே தனக்கு உதவி! தலைவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

உணவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் இன்னொரு பழங்குடியான நவஹோ மக்கள் 2014இல் நொறுக்குத் தீனிக்கும் குளிர்பானத்துக்கும் இரண்டு சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள். அவர்களின் சொந்த மன்றமே போட்ட வரி அது. தண்ணீரை நம் மலையோடு சேர்த்தே பேசுகிறேன்.

சரி, நம் மலைக்கு வருவோம். வேறு எதைப் பேச அழைத்தாலும் நான் இங்கேதான் வருவேன் என்று உங்களுக்குத் தெரியும். பத்து மாநிலங்களில் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் உண்டு, அதாவது பழங்குடி மக்களுக்கு அரசியலமைப்பே தனிப் பாதுகாப்பு தரும் பகுதிகள். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. கையில் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம். அதன் 3(2) பிரிவு என்ன சொல்கிறது? கிராம சபை பரிந்துரைத்தால் மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரம் வரை வெட்டவும் வழி இருக்கிறது. அப்புறம் ஏன் இன்னும் கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்குகிறோம்? சபையைக் கூட்டித் தீர்மானம் போட யாரும் சொல்லவில்லை, அதனால்தான்.

நம் மலையையும் அந்த அட்டவணையில் சேர்க்கக் கோரும் மனுவும், தீர்மானத்துக்கான மாதிரிப் படிவமும் வாசல் மேசையில் இருக்கின்றன. சாப்பிடப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள். சுகாதார அலுவலர் ஐயாவும் போடலாம். பதவியை எழுத வேண்டாம்.