டீசல் இருக்கும்போது நீராவி கிரேன் எதற்கு?

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, தடம் புரண்ட பெட்டியை நிலக்கரியில் ஓடும் நீராவி கிரேன் தூக்குவதைப் போன வீடியோவில் காட்டினீர்களே. டீசல் கிரேன் இருக்கும்போது அது எதற்கு? பாய்லர் சூடாவதற்குள் விடிந்துவிடாதா?"

சூடாக மணிக்கணக்கில் ஆகும், உண்மைதான். அதனால் போகிற வழியிலேயே நெருப்பு மூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் நீராவி ஏறிவிட்டால் அதன் குணமே வேறு. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையும் கிடைக்கும். பாரம் ஏறியதும் எஞ்சின் திணறி அணைந்துபோகுமோ என்ற பயமில்லை. நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் துளி திறந்தால் கொக்கி ஒரு விரற்கடை ஏறும். பெட்டியை, அதன் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியின் நடு முளையில் சரியாக உட்கார வைக்க அந்த விரற்கடைதான் வேண்டும்.

தூக்குவதைவிடப் பெரிய வேலை, அதற்கு முன்னால் நடப்பது. நம் தென்னாப்பிரிக்கப் பாதை 1,067 மில்லிமீட்டர் அகலம்தான். அவ்வளவு குறுகிய தண்டவாளத்தில் நின்றுகொண்டு கிரேன் பக்கவாட்டில் கை நீட்டினால் தானே கவிழ்ந்துவிடும். எனவே அடியிலிருந்து இரும்பு உத்தரங்களை இருபுறமும் இழுத்து, அவற்றின் கீழே சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். நேட்டால் ரயில்வேக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் பெரியவர்களும் இந்த மாதிரிக் கட்டைகளைச் சுமந்தவர்கள்தான்.

அப்புறம் முதல் தூக்கு, ஒரு சாண் மட்டும். உடனே நிறுத்திவிட்டு மேஸ்திரி சுற்றி வந்து எந்தக் கட்டை மண்ணில் அமுங்கியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். அமுங்கியிருந்தால் இறக்கிவிட்டு மறுபடி அடுக்க வேண்டியதுதான். கொக்கி தள்ளிப் போகப் போகத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும் என்பதால், கிரேனை எவ்வளவு கிட்டத்தில் நிறுத்தலாம் என்பதிலேயே பாதி வாக்குவாதம் நடக்கும்.

கிரேன் பயணம் போகும்போது அதன் எடையைப் பல அச்சுகளில் பரப்ப, கழற்றி மாட்டும் போகிகள் உண்டு. அவற்றை வடிவமைத்த வில்பிரட் ஸ்டோக்ஸ்தான் முதல் உலகப் போரில் பேர்பெற்ற ஸ்டோக்ஸ் மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியையும் செய்தவர். ஒரே மூளை!

சரி, டர்பன்–பீட்டர்மாரிட்ஸ்பர்க் பாதையில் இதைக் கொண்டுவரலாமா? மேலே 3,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை ஒதுக்காமல் கிரேனின் கையை உயர்த்தவே முடியாது. அங்கே நான், பெட்டியை அடியிலிருந்தே உயர்த்தும் ஹைட்ராலிக் ஜாக்கி பக்கம்தான். கம்பியில்லாத கிளைப்பாதை என்றால் தாராளமாக இந்தக் கிழவனைக் கூப்பிடலாம்.