செயலாளர் பதவி காலியாக இருக்கிறது

(பெரம்பூரில் முன்னாள் மாணவர் சங்கப் பொதுக்குழுவில் பேசியது. மைக் கரகரத்ததால் பின்வரிசைக்குக் கேட்காமல் போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, எங்களுக்குப் பாடம் நடத்திய, இன்றும் எங்கள் பெயரை இனிஷியலோடு நினைவு வைத்திருக்கும் பேராசிரியர் அய்யா அவர்களே, பகுதி மாமன்ற உறுப்பினர் அவர்களே, வியாபாரிகள் சங்கப் பெரியவர்களே, மண்டபத்தைப் பாதி வாடகைக்குக் கொடுத்த உரிமையாளர் அவர்களே, தோழர்களே, தோழிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு ஏழு மணிக்கு வியாசர்பாடியில் ஒரு காதுகுத்து, எட்டு மணிக்குக் கொருக்குப்பேட்டையில் ஒரு வரவேற்பு. அவர் நடுவில் எழுந்து போனால் என் பேச்சு பிடிக்காமல் போகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிடிக்காமலும் இருக்கலாம், அது வேறு விஷயம். போவதற்கு முன் அவர் காதில் ஒரு கோரிக்கையைப் போட வேண்டியிருக்கிறது. அதனால் கடைசியில் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நமக்கு ஒரு படிப்பகம் வேண்டும். மாலை ஆறிலிருந்து பத்து வரை திறந்திருக்கும் ஒரு அறை, நான்கு நீள மேசை, மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், கழிப்பறை. மாநகராட்சிக் கட்டடம் ஒன்று எங்காவது பூட்டிக் கிடந்தால் போதும். மற்றதை அப்புறம் பேசுகிறேன்.

எனக்குப் போட்ட சால்வைக்கும் நன்றி. இதோடு வீட்டில் ஒரு அலமாரி நிறைந்துவிட்டது. அடுத்த முறை சால்வைக்குப் பதில் ஒரு டியூப் லைட் கொடுங்கள். எங்கே மாட்டுவது என்று எனக்குத் தெரியும்.

சரி. மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, பட்டம் வாங்கியவர்கள் சங்கப் பொறுப்புக்கு ஏன் வருவதில்லை என்பது. இரண்டு, பெண்கள். மூன்று, வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் அனுப்பும் பணம்.

எங்கள் தெருவில் ஒரு ஆயா அடிக்கடி சொல்லும் பழமொழி: "எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்?" நம் வாட்ஸாப் குழுவைப் பாருங்கள். காலை வணக்கம் சொல்ல ஆள் உண்டு, பிறந்தநாள் கேக் படம் போட ஆள் உண்டு, "சங்கம் என்ன செய்து கிழித்தது" என்று கேட்க நிறையவே ஆள் உண்டு. "ஞாயிற்றுக்கிழமை கணக்கு எழுத வருகிறீர்களா" என்று கேட்டால் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது.

நம் பட்டச் சான்றிதழில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம். நம்மில் எத்தனை பேர் அதைக் கையில் வாங்கிய பிறகு சேப்பாக்கம் பக்கம் போனோம்? அசல் சான்றிதழ் தொலைந்தால்தான் போகிறோம். கல்லூரியும் அப்படித்தான். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்றால் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், நமக்கும் அழைப்பு வரும். முன்னாள் மாணவர் சங்கம் பதிவாகியிருக்கிறதா, கல்லூரிக்கு ஏதாவது செய்கிறதா என்பதற்கும் அந்த மதிப்பீட்டில் இடம் இருக்கிறது, அதனால்தான். முதல்வர் அம்மா சிரிக்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை அம்மா, பொதுவாகச் சொன்னேன்.

சங்கம் நடத்துவது பெரிய வித்தையா என்றால் இல்லை. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மூன்று ஆண்டுக்கு மேல் பதவிக்காலம் கிடையாது, மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். பி.காம். படித்த பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பெரம்பூரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி இங்கேதான் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். செல்வபதி செட்டியாரையும் இராமானுஜலு நாயுடுவையும் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த வட்டாரத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். பக்திச் சொற்பொழிவுக்காக ஒரு சபை நடத்தினார்கள். அங்கே வந்த பின்னி துணி ஆலைத் தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னபோது இவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. அலைந்தார்கள், ஆள் சேர்த்தார்கள், வாடியாவைப் போய்ப் பார்த்து அழைத்து வந்தார்கள். செயலாளர் வேலை இவர்கள் தலையில்தான் விழுந்தது. எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்? அன்றைக்கு இரண்டு கடைக்காரர்கள் தூக்கினார்கள். நாம் பட்டதாரிகள்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நம் சங்கத்தில் நடந்தது இல்லை, வேறொரு கல்லூரிச் சங்கத்தில். ஐப்பசி மழை. அன்றைக்குப் புதிய நிர்வாகிகள் தேர்வு. என் நண்பர் ஒருவர், துறைமுகத்தில் குமாஸ்தா, போய் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. துணைத் தலைவருக்கு ஐந்து பேர். எல்லாம் முடிந்து, "பொருளாளர் யார்?" என்று கேட்டதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. ஒருவர் நாற்காலிக்குக் கீழே செருப்பைத் தேடுகிறார். ஒருவருக்கு அப்போதுதான் போன் வருகிறது, போன் அடிக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து, "யாருங்க இந்த டி.வி.எஸ். வண்டி? கேட்டை மறிச்சிக்கிட்டு நிக்குது" என்று கத்துகிறார். நம் ஆள் வண்டியை நகர்த்தப் போனார்.

அவர் படி இறங்கினாரோ இல்லையோ, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வெளியே போறாரே, அவரைப் போடுங்க, பொறுப்பான ஆளு." முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன், ஏகமனதாக நிறைவேறியது. நம் நாட்டில் இத்தனை வேகமாக எந்தத் தேர்தலும் நடந்திருக்காது. அவர் நனைந்துபோய் உள்ளே வருகிறார், மண்டபமே எழுந்து கை தட்டுகிறது. வண்டியை எடுத்ததற்கா இவ்வளவு மரியாதை என்று மனுஷன் நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடையே "பொறுப்பை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்" என்று மினிட்ஸில் எழுதிவிட்டார்கள்!

வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ரசீதுப் புத்தகம், பாஸ்புக், ஒரே ஒரு தாள் மிச்சம் இருக்கும் செக் புத்தகம். கணக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மஸ்கட்டில். இன்னொருவர் காலமாகிவிட்டார். உறுப்பினர்களுக்குக் கடிதம் போட்டார். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. "ஆபீசுல எண்ணுற பணம் போதாதா உனக்கு?" என்றார் அவர் மனைவி.

ஆனால் அந்த மனிதர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அதே டி.வி.எஸ். வண்டியில் கிளம்பிவிடுவார். புளியந்தோப்பு, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, எர்ணாவூர். பழைய முகவரிப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விசாரித்தார். காசிமேட்டில் ஒரு முகவரி. விலங்கியல் படித்த பெண். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டால், "அந்தப் பாப்பாவா? கல்யாணம் ஆகி மீஞ்சூர் போயிருச்சே" என்கிறார். இவர் மீஞ்சூருக்கே போய்விட்டார். அங்கே அந்தப் பாப்பா பள்ளித் தலைமையாசிரியர். இவருக்குக் காபி கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டது: "அண்ணே, இத்தனை வருஷத்துல என்னை யாருமே கூப்பிடலையே. கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

அடுத்த தேர்தலில் அந்த அம்மாதான் செயலாளர். முதல் வேலையாகக் கூட்டத்தை இரவு ஏழு மணியிலிருந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினார். இரண்டாவது வேலையாக, பெண்கள் கழிப்பறை இல்லாத மண்டபத்தில் கூட்டம் போடுவதில்லை என்று தீர்மானம். கூட்டத்துக்கு வருகிற பெண்கள் எண்ணிக்கை தானாக ஏறியது.

என்னுடைய இரண்டாவது செய்தியை அந்த அம்மாவே சொல்லிவிட்டார்கள். நம் பதிவேட்டில் பெண்கள் பெயருக்கு எதிரே இருப்பது அப்பா வீட்டு முகவரி. அங்கே கடிதம் போட்டுவிட்டு, "பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை" என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். பாரதி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கியது. அன்றிலிருந்து வடசென்னை வீடுகளிலிருந்து எத்தனை பெண்கள் பட்டம் வாங்கி வெளியே வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இந்த மேடையில் முதல்வர் அம்மாவை விட்டால் பெண் யாரும் இல்லை. குத்துவிளக்கு ஏற்றத் திரி எடுத்துக் கொடுத்த பெண்ணும் கீழே போய்விட்டார்.

இந்த இடத்தில் படிப்பகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் விடுவேன் என்று நினைத்தீர்களா?

வடசென்னைக்குப் படிப்பகம் புதிது இல்லை. கொடிக்கம்பத்துக்குக் கீழே ஒரு கூரை, ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை. திராவிட இயக்கத்தார் வைத்தார்கள், பொதுவுடைமைக் கட்சியார் வைத்தார்கள், அம்பேத்கர் மன்றத்தார் வைத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, ஆலை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த இடங்கள் பலவற்றில் இன்று கேரம் போர்டு இருக்கிறது. கேரமும் வேண்டியதுதான், நான் எதிரி இல்லை. ஆனால் ஹவுசிங் போர்டு வீட்டில், ஒரே அறையில், பாட்டிக்கு சீரியல், தம்பிக்கு போன், அம்மாவுக்குச் சமையல் என்று இருக்கும்போது குரூப் 4க்குத் தயார் செய்கிற பெண் எங்கே போய் உட்காருவாள்? கொளத்தூரில் 2024இல் 'முதல்வர் படைப்பகம்' என்ற பெயரில் படிக்க ஒரு இடம் திறந்தார்கள், மனதார வரவேற்கிறேன். எர்ணாவூர்ப் பிள்ளைக்குக் கொளத்தூர் பக்கம் இல்லை. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் அதைவிடத் தூரம். மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, டிக்கெட்டும் வாங்க வேண்டுமே.

சர் பிட்டி தியாகராயர் நம் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். பட்டம் வாங்கியவர் பட்டம் வாங்காதவர் வீட்டுப் பிள்ளைக்குச் செய்த வேலை அது. நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு கலைநிகழ்ச்சி, ஒரு பிரியாணி விருந்து நடத்துகிறது. பிரியாணி நன்றாகவே இருந்தது, குறை சொல்லவில்லை. அதோடு ஒரு அறையைத் திறந்து வைக்கலாம் என்கிறேன். ஊரில் பத்து சங்கம் இருக்கிறது, பத்துக்கும் தலைவர் இருக்கிறார், சாயங்காலம் போய்ப் பூட்டைத் திறக்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்?

புதிதாகப் பட்டம் வாங்கிய தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்கு என்ன அனுபவம்" என்று நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள். விண்ணப்பம் நிரப்புவது, உதவித்தொகைக்கு அலைவது, சான்றிதழுக்கு வரிசையில் நிற்பது, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் நீங்களே செய்து கற்றவர்கள். தாலுகா ஆபீசில் எந்த ஜன்னலில் எதைக் கேட்க வேண்டும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேரப்போகும் பிள்ளைக்குத் தேவைப்படுவது அதுதான். நாற்பது வருடத்துக்கு முன் படித்த எங்களுக்குத் தெரிந்தது பழைய பஸ் ரூட்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். "சுருக்கவும்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். முதல் சீட்டில் ஒரு கோடுதான் இருந்தது.

மூன்றாவது செய்தி, வெளிநாட்டுப் பணம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டு எழுதி வைக்க ஒரு பொருளாளர் வேண்டும். இதில் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. இரண்டு கோடு போட்ட பிறகு நீட்டுவது மரியாதை இல்லை.

மாமன்ற உறுப்பினர் அவர்கள் இன்னும் எழுந்து போகவில்லை. காதுகுத்து வீட்டாரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பூட்டிய கட்டடத்தின் சாவி யாரிடம் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள் அய்யா.

வாசல் பக்கத்து மேசையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று நிர்வாகிகள் தேர்தலுக்கான வேட்புமனு. தலைவர் பதவிக்கு நாலு பேர் எழுதிவிட்டார்கள். செயலாளர், பொருளாளர் இரண்டும் காலி. இன்னொரு தாள், இடம் கிடைத்ததும் படிப்பகத்தைத் திறந்து மூடுவதற்கு, கிழமைவாரியாக. ஞாயிறு எனக்கு. திங்களும் புதனும் எழுதிவிட்டார்கள். மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும். வீடு பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் எழுதுங்கள். யாராவது வண்டி எடுக்க வெளியே போவதானால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் நாங்களே போட்டுவிடுவோம். பேனாவை மேசைக் காலில் நூலால் கட்டியிருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.