விட்டுக்கொடுத்த இடத்தில்தான் வென்றோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘அண்டை நாடுகளிடம் இந்தியா சாதித்தது வலிமையாலா, விட்டுக்கொடுத்தலாலா?’ என்பது இன்றைய தலைப்பு. விட்டுக்கொடுத்தலால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்றார். பலத்த கைதட்டலும் வாங்கினார். ஐயா, அந்தப் பழமொழி தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. நேபாளம் நம் பிள்ளை அல்ல. இலங்கையும் அல்ல. தனிக்கொடியும் தனி நாடாளுமன்றமும் உள்ள நாடுகளைப் பிள்ளைகளாக நினைத்தோமே, நம் தவறுகள் அங்கேதான் தொடங்கின.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிலநடுக்கம். ஏறத்தாழ 9,000 உயிர்கள் போயின. சில மணி நேரத்திலேயே நம் விமானப்படை காட்மாண்டுவில் போய் இறங்கியது. கேட்பதற்கு முன்பே கொடுத்த உதவி அது. ஆனால் ஐந்தே மாதங்களில் அந்த நன்றியை நாமே கெடுத்துக்கொண்டோம். செப்டம்பரில் நேபாளம் புதிய அரசியல் சட்டத்தை அறிவித்தது. நம் எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் வாழும் மாதேசி மக்களுக்கு அதில் உரிய இடம் இல்லை என்று நாம் வருந்தினோம். நியாயமான வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து ரக்சால்–பீர்கஞ்ச் எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றன. ‘போராட்டக்காரர்கள் மறிக்கிறார்கள், நாங்கள் தடுக்கவில்லை’ என்றது டெல்லி. மறியல் இல்லாத எல்லைச் சாவடிகளிலும் எரிபொருள் வரத்து சுருங்கியதைக் கண்ட நேபாள மக்கள் அதை நம்பவில்லை. மருந்துக்குத் தட்டுப்பாடு. சமையல் எரிவாயு சிலிண்டரைப் பாதி மட்டும் நிரப்பி விற்றார்கள். நிலநடுக்கத்தில் வீடிழந்து தகரக் கொட்டகையில் கிடந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தை விறகை வைத்துக்கொண்டு கடத்தினார்கள்.

ஏறத்தாழ ஐந்து மாத நெருக்கடிக்குப் பிறகு என்ன கிடைத்தது? சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. மாதேசிக் கட்சிகளே அதைப் போதாது என்று தள்ளிவிட்டன. 2016 மார்ச்சில் நேபாளப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பெய்ஜிங் சென்று, சீனா வழியாகச் சரக்குப் போக்குவரத்துக்கு ஒப்பந்தம் செய்தார். 2020-இல், நம் வசமுள்ள எல்லைப் பகுதிகளான காலாபானியையும் லிபுலேக்கையும் தன்னுடையதாகக் காட்டும் வரைபடத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் ஏகமனதாக ஏற்றது. மாதேசித் தலைவர்களும் அதற்கு வாக்களித்தார்கள். யாருக்காக அழுத்தம் கொடுத்தோமோ, அவர்களே! எதிரணி சொல்லும் வலிமை நேபாளத்தில் சாதித்தது இதைத்தான்.

1987-இல் இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையைப் பற்றி இந்த அவையில் நீட்டிப் பேசத் தேவையில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்து, தமிழரின் கசப்பையும் சிங்களரின் கசப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு 1990-இல் திரும்பியது அந்தப் படை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் நமக்கும் வங்கதேசத்துக்கும் எல்லைத் தகராறு. 2014-இல் ஹேக் நகரில் நடுவர் மன்றம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. நம் கடற்படை எங்கே, அவர்கள் கடற்படை எங்கே? ஆனாலும் தீர்ப்பை ஏற்றோம். இரண்டே ஆண்டுகளில் அதே ஹேக் நகரில் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது சீனா அதைத் தூக்கி எறிந்தது. அந்தக் கடலில் இன்றும் பிலிப்பைன்ஸ் படகுகள் மீது சீனா தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறது. நம் விரிகுடாவில் அந்தச் சண்டை இல்லை.

2015 ஜூலை 31 நள்ளிரவில் வங்கதேசத்துக்குள் சிக்கியிருந்த நம் 111 நிலத்திட்டுகளைக் கொடுத்து, நம் நாட்டுக்குள் சிக்கியிருந்த அவர்களின் 51-ஐப் பெற்றோம். பரப்பில் நாம் கொடுத்ததுதான் அதிகம். நாடற்றவர்களைப்போல வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அந்த நவம்பரில், பல ஆண்டுகளாக நாம் கேட்டுவந்த அசாம் கிளர்ச்சித் தலைவர் அனூப் சேத்தியாவை வங்கதேசம் நம்மிடம் ஒப்படைத்தது.

‘கச்சத்தீவையும் விட்டுத்தானே கொடுத்தோம்?’ என்று எதிரணி கேட்டது. இந்த மண்ணில் வலிக்கிற கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன். நிலத்திட்டு ஒப்பந்தமும் கச்சத்தீவு ஒப்பந்தமும் ஒரே ஆண்டில், 1974-இல், கையெழுத்தானவை. முதலாவதை நிறைவேற்ற அரசியல் சட்டத்தை 100-ஆவது முறையாகத் திருத்தினார்கள். எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று அந்த மக்களிடம் வீடுவீடாகக் கேட்டார்கள். இரண்டாவதில் ராமேஸ்வரம் மீனவரை யார் கேட்டார்கள்? தமிழ்நாடு சட்டமன்றத்தின் எதிர்ப்பை யார் மதித்தார்கள்? விட்டுக்கொடுப்பவன் தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அன்று டெல்லி மீனவனின் உரிமையை எடுத்துக் கொடுத்தது. அதற்கு என் அணி பொறுப்பாகாது.

‘இவ்வளவு கொடுத்தும் 2024-இல் டாக்காவில் நமக்கு எதிராக முழக்கமிட்டார்களே?’ என்றும் கேட்டார்கள். அங்கே அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா என்ற ஒரு தலைவர் மீது நம்பிக்கை வைத்தோம், மக்கள் மீது வைக்கவில்லை. தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் 2011-இலேயே கையெழுத்தாக வேண்டியது. மேற்கு வங்க அரசு மறுத்ததால் நின்றது. தீஸ்தா கரை விவசாயியிடம் எந்த ஹசீனாவைக் காட்டி ஈடுகட்ட முடியும்?

1996-இல் வங்கதேசத்துடன் செய்த கங்கை நீர் ஒப்பந்தத்துக்கு ஆயுள் 30 ஆண்டுகள். 2026 டிசம்பரில் அது முடிகிறது. மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள ஃபராக்கா அணையின் மதகுகள் நம் கையில் இருக்கின்றன. மதகை மூடும் வலிமை நமக்கு உண்டு என்று எதிரணி சொல்லும். கோடையில் அதைத் திறந்துவிடும் மனம் வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். நடுவர் அவர்கள் எங்கள் பக்கம் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.