ஆலோசகரைத் தேடும்போது உரிமத்தையும் தேடுங்கள்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் யாருக்காவது மனச்சோர்வு, தீராத பதற்றம், கணவன் மனைவிக்குள் பேச்சே நின்றுபோன நிலை என்று வந்தால், "ஒரு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்ல நாம் பழகிவிட்டோம். நல்ல மாற்றம்தான். ஆனால் யாரைப் பார்ப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லித் தருவார் இல்லை. ஏற்கெனவே சோர்ந்து கிடப்பவர் தலையிலேயே அந்த வேலையையும் கட்டிவிடுகிறோம். அதனால் இன்று அந்த வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உரிமம் பெற்ற ஆலோசகரை டெக்சாஸ், ஜார்ஜியா, வர்ஜீனியா மாநிலங்களில் எல்பிசி என்பார்கள். நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் எல்எம்ஹெச்சி. கலிஃபோர்னியாவிலும் ஒஹையோவிலும் எல்பிசிசி. இல்லினாயில் எல்சிபிசி. எழுத்து மாறினாலும் தொழில் ஒன்றுதான். இவர்கள் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர்கள், மாத்திரை எழுதித் தருவதில்லை. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ போக வேண்டும்.

"லைஃப் கோச்", "வெல்னஸ் கோச்" என்று போட்டுக்கொள்ள எந்த உரிமமும் வேண்டாம். இன்று காலையில் முடிவெடுத்தவர் மாலையில் பலகை மாட்டிவிடலாம். எல்பிசி ஆக வேண்டுமென்றால் ஆலோசனைத் துறையில் முதுநிலைப் பட்டம், தேர்வு, அதன்பின் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பல ஆயிரம் மணி நேரப் பயிற்சி, எல்லாம் முடிந்திருக்க வேண்டும். டெக்சாஸில் இது 3,000 மணி நேரம். அதில் 1,500 மணி நேரம் நேரடியாக மனிதர்களோடு உட்கார்ந்து பேசியதாக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு அங்கே "எல்பிசி அசோசியேட்" என்று பெயர். அவரைத் தவிர்க்க வேண்டியதில்லை. கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், பின்னால் ஓர் அனுபவசாலி கவனித்துக்கொண்டும் இருப்பார். மேற்பார்வையாளர் பெயர் என்ன என்று கேளுங்கள், தயங்காமல் சொல்ல வேண்டும்.

உரிமத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும், காசும் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிம வாரியம் உண்டு. கலிஃபோர்னியாவில் போர்ட் ஆஃப் பிஹேவியரல் சயன்சஸ், டெக்சாஸில் பிஹேவியரல் ஹெல்த் எக்ஸிகியூட்டிவ் கவுன்சில். அவர்கள் இணையதளத்தில் "லைசென்ஸ் வெரிஃபிகேஷன்" என்ற பகுதிக்குப் போய்ப் பெயரையோ எண்ணையோ கொடுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். உரிமம் "ஆக்டிவ்" என்றிருக்கிறதா, காலாவதி நாள் தாண்டிவிட்டதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் பதிவாகியிருக்கிறதா. நம்மவர் பெயர் என்றால் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருக்கலாம், திருமணத்துக்கு முந்தைய பெயரில் உரிமம் இருக்கலாம். பெயரில் அகப்படவில்லை என்றதும் சந்தேகப்படாதீர்கள். உரிம எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். எண்ணைத் தர மறுத்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று பலர் தேடுவது நியாயமான ஆசை. அம்மா மீதுள்ள கோபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி காணாமல் போய்விடுகிறது. ஆனால் சட்டம் ஒன்று உண்டு. காணொளியில் பேசினாலும், பேசும் நேரத்தில் நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களோ அந்த மாநிலத்தில் பணிசெய்யும் அனுமதி ஆலோசகருக்கு இருக்க வேண்டும். நியூஜெர்சியில் உரிமம் உள்ளவர் என்பதற்காக மட்டும் மிச்சிகனில் இருக்கும் உங்களைப் பார்த்துவிட முடியாது. சென்னையில் இருப்பவரிடம் காணொளியில் பேசினால், ஏதாவது தவறு நடக்கும்போது இங்குள்ள வாரியத்தில் முறையிட வழி இருக்காது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாதத்தில் அமர்வு தொடருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இன்சூரன்ஸ். நிறுவனம் தரும் ஆலோசகர் பட்டியலை மட்டும் நம்பித் தேடினால் மனம் வெறுத்துப்போகும். வேறு ஊருக்கு மாறியவர், புதியவர்களை எடுக்காதவர், அந்த இன்சூரன்ஸையே விட்டுவிட்டவர் என எல்லார் பெயரும் அதில் கிடக்கும். இன்சூரன்ஸ் அட்டையின் பின்பக்க எண்ணை அழைத்து, மனநல வெளிநோயாளி அமர்வுக்கு என் பங்கு எவ்வளவு, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை) இதற்கும் பொருந்துமா, முன்அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். முதல் மதிப்பீட்டு அமர்வுக்கு பில்லில் போடும் குறியீடு 90791. ஏறத்தாழ முக்கால் மணி நேர அமர்வுக்கு 90834, 53 நிமிடமோ அதற்கு மேலோ போனால் 90837. இந்த மூன்றையும் தனித்தனியே கேட்டால் பதில் தெளிவாக வரும். பட்டியலில் யாருமே கிடைக்கவில்லை என்றால், "நெட்வொர்க் கேப் எக்ஸெப்ஷன்" வேண்டும் என்று அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பட்டியலுக்கு வெளியே உள்ள ஒருவரைப் பட்டியலில் இருப்பவருக்கான கட்டணத்தில் பார்க்க அனுமதி கிடைக்க வாய்ப்புண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் செலவு விவரக் கடிதம் பொதுவாகப் பாலிசிதாரர் பெயருக்கே வரும். கணவர் வேலையின் பாலிசியில் இருக்கும் மனைவியும், பெற்றோர் பாலிசியில் இருக்கும் கல்லூரிப் பிள்ளையும் இது தெரியாமல் மாட்டிக்கொள்வதுண்டு. அந்தக் கடிதம் தனக்கே வேறு முகவரியில் வர வேண்டும் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அலுவலகத்தில் ஊழியர் உதவித் திட்டம் இருந்தால் சில அமர்வுகள் இலவசம். ஆனால் அவை முடிந்ததும் அதே ஆலோசகர் உங்கள் இன்சூரன்ஸை ஏற்பாரா என்பதை முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் மனம் திறந்து பேசத் தொடங்கும் வேளையில் ஆள் மாற வேண்டியிருக்கும். இன்சூரன்ஸே இல்லாதவர்களுக்கு, கூட்டாட்சி நிதி பெறும் சமூக சுகாதார மையங்களில் வருமானத்துக்கேற்ற கட்டணம் உண்டு. பல பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களிலும் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். எது அருகில் என்று 211 என்ற உதவி எண்ணை அழைத்தால் சொல்வார்கள். மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ் உள்ள மூத்தோருக்கு, அதில் சேர்ந்துள்ள எல்பிசி போன்ற ஆலோசகரைப் பார்க்க 2024 ஜனவரி 1 முதல் வழி திறந்திருக்கிறது. கையிலிருந்து பணம் கட்டுபவர்கள் உத்தேசச் செலவை எழுத்தில் கேட்டு வாங்கலாம், அது சட்டப்படி உங்கள் உரிமை. பில் அந்தத் தொகையைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் முறையிடலாம்.

ஐந்து பேருக்காவது போன் செய்யுங்கள். நாலு பேர் எடுக்கமாட்டார்கள், குரல்பதிவுதான் கிடைக்கும். ஒருவரோ இருவரோ திரும்ப அழைக்காமல் போனதும் "நமக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் அமர்வில் இருப்பார், நடுவில் போனை எடுக்க முடியாது. குரல்பதிவில் பெயர், எண், எந்த இன்சூரன்ஸ், எந்த நாட்களில் நேரம் ஒழியும், பிரச்சினை ஒரு வரியில். அவ்வளவு போதும். கதையை அங்கே சொல்ல வேண்டாம்.

திரும்ப அழைத்ததும், பலர் பத்துப் பதினைந்து நிமிடம் இலவசமாகப் பேசுவார்கள். அப்போது கேளுங்கள்: "என் மாதிரிப் பிரச்சினையோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறீர்களா? எந்த முறையில் செய்வீர்கள்? பலன் தெரிகிறதா என்று எப்படிக் கணிப்பீர்கள்?" எல்லாப் பிரச்சினைக்கும் தானே நிபுணர் என்பவரைவிட, "இது என் துறை இல்லை, இன்னாரைப் பாருங்கள்" என்பவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். கூட்டுக் குடும்பம், மாமியார், சாதி விட்டுக் கல்யாணம் இவற்றை விளக்கவே மூன்று அமர்வு ஓடிவிடும் என்று தோன்றினால், தெற்காசியக் குடும்பங்களோடு பழக்கம் உண்டா என்று நேராகவே கேட்கலாம்.

முதல் அமர்வில் கேள்விகளும் கையெழுத்துகளுமே அதிகம். ஏமாற்றமாக இருக்கும், அதுதான் வழக்கம். ரகசியம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கோ முதியவருக்கோ கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவைதான் முக்கியமான விலக்குகள். அமர்வை ரத்து செய்ய 24 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டுமா 48 மணி நேரம் முன்பா என்பதையும் பாருங்கள். தவறவிட்ட அமர்வுக்கு இன்சூரன்ஸ் தராது.

மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் அணுகுமுறையை மாற்றுவார், அல்லது வேறொருவர் பெயரைத் தருவார். எங்கும் இடமில்லை என்றால் இரண்டு மூன்று இடங்களில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள், "யாராவது ரத்து செய்தால் கூப்பிடுங்கள்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காத்திருக்க முடியாத இரவு என்றால் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண். அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அழைப்பவர் ஆங்கிலத்தில் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.