நூலகத்தை விரிவாக்க வேண்டுமா? முதலில் எடையைப் பாருங்கள்

[காட்சி: பழைய புத்தக அடுக்குகளுக்கு நடுவே மெல்ல நகரும் கேமரா]

வணக்கம். பல்கலைக்கழக நூலகத்தில் இடம் போதவில்லை என்றதும் இரண்டு யோசனைகள் வரும்: மேலே ஒரு மாடி எழுப்பலாம், அல்லது அலமாரிகளை நெருக்கிப் போடலாம். கட்டமைப்புப் பொறியாளர் இரண்டுக்குமே சட்டென்று தலையாட்ட மாட்டார். புத்தகம் அவ்வளவு கனம்.

[திரையில்: 290 – 730]

அமெரிக்கக் கட்டுமான விதிகளின்படி, வாசிப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 290 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்குகள் நிற்கும் தளமோ சுமார் 730 கிலோ தாங்க வேண்டும். தண்டவாளத்தில் நகரும் அலமாரிகளுக்கு அதுவும் பற்றாது; நடைவழிகள் மறைந்து அங்கெல்லாம் புத்தகம் வந்துவிடுகிறதே! எனவே, வாசிப்புக் கூடத்தை அப்படியே புத்தகக் கிடங்காக்க முடியாது.

சரி, கிடங்கை வாசிப்புக் கூடமாக்கலாமா? எடை குறையத்தானே செய்யும்?

[காட்சி: அலமாரியின் இரும்புச் சட்டம், மிக அருகில்]

இந்தச் சட்டத்தைக் கவனியுங்கள். நாம் நடக்கும் தளமான நடைவழித் தட்டின் ஓரத்தில் நிற்காமல், அதைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. சுமார் நூறாண்டுகளுக்கு முன் கட்டிய பல நூலகங்களில் அலமாரிச் சட்டங்களே தூண்கள்; நடைவழித் தட்டுகளைச் சுமப்பவை அவைதான். இடையில் ஒரு வரிசையைக் கழற்றினால் மேல்தட்டுக்குப் பிடிமானம் போய்விடும். போதாக்குறைக்கு, தட்டுகளுக்கு இடையே உயரமும் குறைவு. கையைத் தூக்கினால் கூரை தட்டும். பக்கத்தில் எழும் புதிய கட்டடத்தின் தளங்கள் இவற்றோடு மட்டம் சேராது. சக்கர நாற்காலியும் புத்தக வண்டியும் எப்படிக் கடக்கும் என்பதை வரைபட நிலையிலேயே தீர்த்துவிட வேண்டும்.

[காட்சி: இரு நூலகங்களின் குறுக்குவெட்டுப் படங்கள்]

வெளியே இடம் இல்லாதவர்கள் உள்ளேயே தேடியதும் உண்டு. ஹார்வர்டின் வைடனர் நூலகம் 1999 முதல் 2004 வரை புதுப்பிக்கப்பட்டபோது, வெளிச்சத்துக்காக விட்டிருந்த உள்முற்றங்களுக்குக் கூரை போட்டு வாசிப்பு அறைகள் அமைத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் மண்ணைத் தோண்டியது. 2011-இல் திறந்த மன்சூயட்டோ நூலகத்தில் மேலே கண்ணாடிக் குவிமாடத்தின் கீழ் வாசிப்பு அறை; நிலத்தடியில் 35 லட்சம் நூல்களுக்கு இடம். அங்கே புத்தகங்களைப் பொருள்வாரியாக அல்ல, அளவுவாரியாகப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். கேட்டதை இயந்திரம் எடுத்துத் தரும். இடம் மிச்சம்தான். ஆனால் அடுக்குகளுக்கிடையே உலாவி, தேடாத புத்தகத்தைக் கண்டெடுக்கும் சுகம் போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பு.

[காட்சி: வண்டிகளில் ஏறும் புத்தகங்கள்]

இடமாற்றத்தின்போது முதுகில் ஒட்டிய எண் வரிசை குலையக் கூடாது. புதிய அலமாரிகளில் இனி வாங்கும் நூல்களுக்கு இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பினால் ஒரு நூலைச் செருக ஒரு வரிசையையே நகர்த்த வேண்டிவரும்.

[காட்சி: சுவரில் ஈரப்பதமானி]

புதுக் கான்கிரீட்டும் பூச்சும் பல மாதங்கள் ஈரத்தை வெளியிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நீடித்தால் பூஞ்சை பிடிக்கலாம். திறப்பு விழாத் தேதியைக் குறிப்பவர்கள் இந்தக் கருவியையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குறிக்கட்டும்.