காரோ-கானில் ஆறே மூவில் மேட்: ஓபனிங்கை மாற்ற வேண்டுமா?

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா. மகள் காட்பாடியில் ஒரு செஸ் டோர்னமென்டில் கறுப்புக் காயில் காரோ-கான் (வெள்ளையின் இ4-க்குச் சி6 என்று பதில் சொல்லும் டிஃபென்ஸ்) ஆடி, எதிராளியின் ஆறாவது மூவிலேயே மேட் ஆகிவிட்டாளாம். "இந்த டிஃபென்ஸே வேண்டாம், சிசிலியன் டிஃபென்ஸுக்கு மாற்றிவிடலாமா சார்?" என்று கேட்கிறார்.

வேண்டாங்க. நீங்கள் அனுப்பிய ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தேன். வெள்ளை சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ள, பாப்பா சி6. அப்புறம் டி4, டி5. வெள்ளைக் குதிரை சி3. பாப்பா இ4-ல் வெட்ட, குதிரை திருப்பி வெட்டுகிறது. பாப்பா பி8 குதிரையை டி7-க்கு எடுக்கிறாள். இதுவரை சரி. இப்போது வெள்ளை ராணியை இ2-வில் வைக்கிறது. தன் மந்திரிக்கே (பிஷப்) வழியை அடைக்கிற, பார்த்தால் அசட்டு மூவ். பாப்பா பழக்கதோஷத்தில் ஜி8 குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவர, வெள்ளைக் குதிரை டி6-ல் வந்து உட்கார்ந்தது. மேட்!

இ7 சிப்பாய் அதை வெட்டலாமே என்று தோன்றும். முடியாது, சிப்பாய் விலகினால் இ2 ராணிக்கு நேராக ராஜா. வேலூரை 'ராஜா இல்லாத கோட்டை' என்று கேலி பேசுவார்களே, இங்கே ராஜா இருக்கிறார், சொந்த ஆட்களே சுற்றி அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நானும் சின்ன வயதில் இதில் மாட்டியிருக்கிறேன். வெளியே வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

அந்த இடத்தில் டி7 குதிரையையே எஃப்6-க்கு எடுக்க வேண்டும். டி6-ல் குதிரை செக் வந்தால் கறுப்பு ராணி அதை வெட்டிவிடும்.

பெரியவர்களுக்கும் இந்த வரிசையில் அடி விழுந்திருக்கிறது. 1997 மே மாதம் நியூயார்க்கில், டீப் ப்ளூ என்ற செஸ் கம்ப்யூட்டரோடு ஆறாவது ஆட்டத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் இதே டி7 குதிரைதான் ஆடினார். ஏழாவது மூவில், மந்திரியை டி6-ல் வைக்காமல் எச்6 தள்ளினார். கம்ப்யூட்டர் இ6-ல் குதிரையைப் பலி கொடுத்தது, 19 மூவில் காஸ்பரோவ் ரிசைன். அதற்காகக் காரோ-கானை யாரும் மூட்டை கட்டவில்லை.

பாப்பாவுக்கு டி7 பயமாக இருந்தால், நாலாவது மூவில் மந்திரியை எஃப்5-க்கு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஃபிரெஞ்ச் டிஃபென்ஸில் இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிற அதே மந்திரி. அதை வெளியே விடத்தானே பலரும் சி6 ஆடுகிறார்கள்.